குறைந்த காசில் ட்ரையத்லான் சைக்கிள்: ரிம் பிரேக் வண்டி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருகிற ட்ரையத்லான் பந்தயத்துக்கான சைக்கிளுக்காக ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகக் கடையில் கேட்டால் அந்தப் பணத்துக்கு ஒன்றும் வராது, சக்கரத்தின் நடுவில் இருக்கிற தட்டைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக் வைத்த கார்பன் வண்டிகளெல்லாம் அதைப்போல் பல மடங்கு. ஆனால் பெங்களூரில் ஓட்டி முடித்துவிட்டு விற்கிற வண்டிகளைப் பார்த்தால் அந்தத் தொகைக்குள், இல்லாவிட்டால் கொஞ்சம் முன்னே பின்னே, நல்ல கார்பன் ஃப்ரேம்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அதில் முக்கால்வாசி, சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விடியற்காலையில் ஓட்டுகிற தம்பிகள் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான்: "அண்ணா, விலை நல்லா இருக்கு, ஆனா டிஸ்க் இல்லையே, எடுக்கலாமா?"

எடுக்கலாம், தயங்கவே வேண்டாம். ஆனால் ரிம் பிரேக் என்று ஒரே பெயரில் விற்கிற வண்டிகளுக்குள்ளேயே இரண்டு மூன்று வகை இருக்கிறது, அதில் சில வகைகள் நம் ஊருக்குச் சரிப்பட்டு வராது. ரிம்மா டிஸ்க்கா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்த ரிம் பிரேக்கை ஃப்ரேமில் எங்கே, எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முக்கியம். இந்த ஒரு விஷயத்தில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏன் திடீரென்று இவ்வளவு மலிவு?

சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ முறைப்படி அனுமதித்தது 2018 ஜூலை 1 முதல். அதற்குப் பிறகு கம்பெனிகள் வரிசையாக மாறிவிட்டன. 2021இல் வந்த ட்ரெக் கம்பெனியின் ஸ்பீட் கான்செப்ட் வண்டி டிஸ்க்கில் மட்டும்தான் வந்தது, மற்ற பெரிய கம்பெனிகளின் ட்ரையத்லான் வண்டிகளும் அதையொட்டிய வருடங்களில் அதே வழிக்குப் போய்விட்டன. உதிரிபாகத்திலும் அதே கதை. உதிரிபாகக் கம்பெனியான ஷிமானோவின் 105 வரிசையில் 2018இல் வந்த ஆர்7000 இரண்டு பிரேக்குக்கும் கிடைத்தது, அடுத்து வந்த ஆர்7100 டிஸ்க் மட்டும். 2021இல் வந்த அதன் உயர்ந்த வரிசைகளான அல்டெக்ரா, டியூரா ஏஸ் இரண்டிலும் ரிம் காலிப்பர், அதாவது ரிம்மை இரு பக்கமும் கவ்வுகிற பிரேக், இன்னும் இருக்கிறது, ஆனால் அது மேல்தட்டு விலை.

ஆக, வசதியுள்ளவர்கள் புது வண்டிக்கு மாறும்போது பழையதை விற்கிறார்கள். அதோடு சக்கரமும் வருகிறது, ஏனென்றால் ரிம் பிரேக் வண்டியின் பின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை, 130 மில்லிமீட்டர் அகலம், கையாலேயே கழற்றுகிற குயிக் ரிலீஸ் கம்பி. டிஸ்க் வண்டியில் 142 மில்லிமீட்டர், தடித்த திருகு அச்சு. ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கிய சக்கரத்தைப் புது வண்டிக்குக் கொண்டுபோக முடியாதவர் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவருக்கு நல்ல நேரம்.

இதில் ஒரு பயம் நியாயமானது: நாளைக்கு உதிரிபாகம் கிடைக்குமா? பிரேக் கட்டை, கேபிள், சாதாரண காலிப்பர், இதற்கெல்லாம் கவலையே வேண்டாம். உலகத்தில் ஓடுகிற சைக்கிள்களில் பெரும்பகுதி இன்னும் ரிம்மைப் பிடித்துத்தான் நிற்கிறது. கிடைக்காமல் போகப்போவது அந்தந்த ஃப்ரேமுக்கென்றே செய்த விசேஷ பிரேக்குகள்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரிம் பிரேக் நிற்குமா?

காய்ந்த ரோட்டில் நிற்கும். ரிம் என்பதே ஒரு பெரிய டிஸ்க்தான், டிஸ்க் வண்டியில் 140, 160 மில்லிமீட்டர் தட்டைப் பிடிக்கிறோம், இங்கே 60 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வளையத்தையே பிடிக்கிறோம். நல்ல காலிப்பரும் நல்ல கட்டையும் இருந்தால் பின் சக்கரத்தைச் சுலபமாக லாக் செய்துவிடலாம். காய்ந்த ரோட்டில் எல்லை வைப்பது டயரின் பிடிப்பும், முன்பக்கம் கவிழாமல் எவ்வளவு அழுத்தலாம் என்பதும்தான்.

ட்ரையத்லான் வண்டிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீங்கள் ஹேண்டிலின் முன்னால் நீண்டிருக்கும் ஏரோபாரில் முழங்கை ஊன்றிக் குனிந்திருக்கும்போது கை கியர் மாற்றும் இடத்தில் இருக்கிறது, பிரேக் லீவர் இருப்பதோ வெளியே, அடிப்பார் என்கிற அகலமான ஹேண்டிலின் நுனியில். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 9.7 மீட்டர் போகிறோம். கையை எடுத்து லீவருக்குக் கொண்டுபோக அரை விநாடி ஆனாலே கிட்டத்தட்ட 5 மீட்டர் போய்விடும், அதுவரைக்கும் எந்த பிரேக்கும் வேலை செய்யாது. அறிவிப்புப் பலகை இல்லாத வேகத்தடை, குறுக்கே வருகிற ஆடு, எதிர்த்திசையில் வருகிற டூவீலர், நம் பக்கத்துச் சர்வீஸ் ரோடுகளில் இவை மூன்றும் தினசரி. ஊருக்குள் நுழைந்ததும் ஏரோபாரை விட்டு எழுந்து கையை லீவருக்குக் கொண்டுவருகிற பழக்கம், ரிம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறுவதைவிட அதிகமாக உங்களைக் காப்பாற்றும்.

மழையில் டிஸ்க்குதான் மேல், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஈர ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், அதற்குள் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றிவிடும், பிறகுதான் பிடி வரும். கார்பன் ரிம்மில் இது இன்னும் மோசம். புரட்டாசி, ஐப்பசி மழையில் ஓட்டியே தீருவேன் என்கிறவர்கள் அலுமினிய ரிம்மோடு, முன்கூட்டியே லேசாக பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு ஓட்டப் பழக வேண்டும்.

எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 2010ஐ ஒட்டி ஒரு பத்து வருடம், காற்றைக் கிழிப்பதில் எல்லோரும் போட்டி போட்ட காலம். பிரேக் காற்றில் நிற்கிறது என்பதால் அதை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். முன் பிரேக்கை, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பின்னாலோ அதன் உள்ளேயோ, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்தார்கள். பின் பிரேக்கைச் சீட்டுக்குக் கீழே வழக்கமாக இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, பெடல் அச்சுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ரிம் பிரேக் போட்டார்கள், 2012இல் மகுரா கம்பெனியின் பிரேக்கோடு வந்த செர்வேலோ பி5 வண்டி இந்த வகை. அந்தக் காலத்தில் இவையெல்லாம் உச்சகட்ட வண்டிகள், பந்தயத்துக்குப் பந்தயம் மெக்கானிக் கூடவே இருக்கிற ஆட்களுக்கு அருமையானவை.

நம்மிடம் அந்த மெக்கானிக் இல்லை. பெடல் அச்சுக்கு அடியில் இருக்கிற பிரேக்கை வைத்துக்கொண்டு கார்த்திகை, மார்கழியில் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். கேழ்வரகு அறுவடை முடிந்து கதிரை ரோட்டில் பரப்பியிருப்பார்கள், போகிற வண்டிகள் ஏறி ஏறித் தாள் உதிர்ந்து கிடக்கும், தை பிறந்தால் கொள்ளுக்கொடி. முன் சக்கரம் தூக்கிப் போடுகிற தாளும் மண்ணும் நேராக வந்து சேருகிற இடம் அந்த அடிப்பகுதிதான். காலிப்பர் கைகளுக்கு நடுவில் ஒரு தாள் சிக்கினால் போதும், ஒரு பக்கக் கட்டை ரிம்மோடு ஒட்டிக்கொண்டு உரசும், நீங்கள் கால் கனக்கிறது என்று நினைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் சேறு. செயினிலிருந்து சொட்டுகிற எண்ணெயும் அங்கேதான் வரும். அதைச் சரிசெய்ய வண்டியைத் தலைகீழாக்கி, பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் விரலை நுழைத்துத் திருக வேண்டும், சில ஃப்ரேம்களில் கிராங்கையே கழற்ற வேண்டும்.

சாதாரண காலிப்பர் என்றால் ஃபோர்க்கின் தலையில் முன்னால் ஒன்று, சீட்டுக்குக் கீழே பின்னால் ஒன்று, ஒரே ஒரு போல்ட்டில் நிற்பது. 5 மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று இருந்தால் கழற்றி மாட்டிவிடலாம், கேபிளை இழுத்து இறுக்கவும் அதே சாவிதான். தர்மபுரி பேருந்து நிலையத்துப் பக்கத்துச் சைக்கிள் கடையில் அண்ணன் யாராவது ஒருவர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார், அவர் ட்ரையத்லான் வண்டியை அதுவரை பார்த்திராவிட்டாலும்கூட. காலிப்பரே போய்விட்டாலும் லீவரோடு ஒத்துப்போகிற எந்தக் கம்பெனிக் காலிப்பரையும் வாங்கிப் போடலாம். மறைத்து வைத்த பிரேக்கில் ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால் அந்தக் கம்பெனி, அந்த வருடம், அந்த மாடலுக்குத்தான் தேட வேண்டும், அது பல வருடத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டிருக்கும்.

அதனால் விற்பனைக்குப் போட்டிருக்கும் படத்தைப் பார்க்கும்போதே முதலில் இரண்டு இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஃபோர்க்கின் தலை, சீட்டுக்குக் கீழே. இரண்டு இடத்திலும் காலிப்பர் கண்ணுக்குத் தெரிந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். முன்னால் சாதாரணம், பின்னால் அடியில் என்று இருக்கிற வண்டி இடைப்பட்டது. பின் பிரேக்குக்கு வேலை குறைவு என்பதால் மற்றதெல்லாம் மிக நன்றாக இருந்தால் எடுக்கலாம், சுத்தம் செய்யச் சோம்பல் படக்கூடாது. இரண்டுமே மறைந்திருந்தாலோ எண்ணெய் பிரேக்காக இருந்தாலோ எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள். காற்றில் அது மிச்சப்படுத்தும் கொஞ்சத்தை நீங்கள் தலையை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்திச் சம்பாதித்துவிடலாம், ஏனென்றால் காற்றுத் தடையில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுகிற ஆளின் உடம்பால் வருவதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், லீவரும் காலிப்பரும் ஒத்துப்போகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஷிமானோ ஒரு காலத்தில் லீவர் கேபிளை இழுக்கிற அளவை மாற்றியது, அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் கலந்து மாட்டினால் லீவர் ஒன்று கல்லாக இருக்கும், இல்லை பஞ்சாக இருக்கும். கேபிள் புதிதாக இருந்தும் அப்படி இருந்தால் அதுதான் காரணம்.

சக்கரம், அதிலும் ரிம்

ரிம் பிரேக் வண்டியில் ரிம் தேய்கிற பொருள். பழைய வண்டி வாங்குகிறவர் இதை மறந்தால் வண்டியோடு ஒரு செட் சக்கரச் செலவையும் வாங்கிக்கொண்டு வருவார். அலுமினிய ரிம்மில் பிரேக் பிடிக்கிற பட்டையில் சின்னக் குழிப் புள்ளியோ, சுற்றிலும் ஓடுகிற மெல்லிய கோடோ இருக்கும். அது மறைந்திருந்தால் ரிம் முடிந்தது. புள்ளி, கோடு இரண்டும் இல்லாத ரிம்மில் ஒரு இரும்பு ஸ்கேலைப் பட்டையின் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் இடைவெளி தெரிந்தால் குழிந்திருக்கிறது. நகத்தால் வருடினாலும் விளிம்பில் தட்டும். ரொம்பத் தேய்ந்த ரிம், டயரில் 100 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போது பக்கவாட்டில் பிளந்துகொள்ளக்கூடும், அதனால் இதில் பேரம் வேண்டாம்.

நம் பகுதியில் ரிம் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் மண்தான். கிரானைட் லாரிகள் போகிற ரோடுகளில் ஓரமெல்லாம் தூள், அது ஈரத்தோடு சேர்ந்தால் அரைக்கிற பசை. கட்டையைக் கழற்றிப் பார்த்தால் ரப்பரில் மினுமினுவென்று அலுமினியத் துணுக்குகள் குத்திக்கொண்டிருக்கும், அவற்றை ஊசியால் கெல்லி எடுத்துவிட்டு மணல் தாளில் ஒரு தேய் தேய்த்து மாட்டினால் பிரேக் சத்தமும் போகும், ரிம்மும் பிழைக்கும். இதைச் செய்கிறவரின் ரிம் பல வருடம் வரும்.

கார்பன் ரிம் ஆசை எல்லோருக்கும் உண்டு. விற்பவரும் "டீப் கார்பன் வீல்" என்று அதைத்தான் முதலில் சொல்வார். சமதளப் பந்தயத்தில் அது நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் நம் பயிற்சி ரோடு எது என்று யோசியுங்கள். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போய் ஒகேனக்கல் இறங்குவது நம் பக்கத்தில் எல்லோரும் ஓட்ட ஆசைப்படுகிற வழி. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, 200 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்றால் சுமார் 157 கிலோஜூல் சக்தி எங்காவது போக வேண்டும். அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு அது. ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு மீதியெல்லாம் ரிம்மில்தான். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் பரப்பி வெளியேற்றிவிடும். கார்பன் அப்படிச் செய்யாது, பிடித்த இடத்திலேயே சூடு தேங்கி, நார்களை ஒட்டியிருக்கும் பிசின் இளகினால் ரிம் உப்பிவிடும். மெல்லிய லேடெக்ஸ் டியூபைக் கார்பன் ரிம் பிரேக் சக்கரத்தில் போட வேண்டாம் என்று பல கம்பெனிகளே சொல்வதும் இந்தச் சூட்டுக்குப் பயந்துதான்.

எனவே பயிற்சிக்கு அலுமினிய ரிம். வண்டியோடு கார்பன் சக்கரம் வந்தால் பந்தயத்துக்கு எடுத்து வையுங்கள், ஆனால் அதற்கு அதற்கென்றே விற்கிற கார்பன் கட்டைதான் போட வேண்டும், அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை அப்படியே கார்பனில் வைத்தால் அதில் குத்தியிருக்கும் துணுக்குகள் ரிம்மைக் கீறிவிடும். இரண்டு சக்கரத்தின் ரிம் அகலமும் வேறாக இருந்தால் மாற்றும்போதெல்லாம் கேபிளையும் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பழைய காலிப்பர்கள் இன்றைய அகல ரிம்முக்கு விரியாது என்பதையும் கவனியுங்கள்.

டயர் விஷயம் சுருக்கம்தான். 2015க்கு முந்தைய ட்ரையத்லான் ஃப்ரேம்கள் பெரும்பாலும் 23 மில்லிமீட்டர் டயரை மனதில் வைத்துச் செய்தவை. நம் ரோட்டுக்கு 25 வேண்டும், 28 ஏறினால் கொண்டாட்டம். விற்பவரிடம் கேட்பதைவிட 25 டயர் மாட்டிய சக்கரத்தையே கையில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள், ஃபோர்க்கின் அடியிலும் பின் ஃப்ரேமின் வெட்டுக்குள்ளும் இரு பக்கமும் மூன்று நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாரோடு ஒட்டிக்கொண்டு வருகிற சின்னக் கல் ஃப்ரேமை அரைத்துவிடும்.

ஏற்றத்துக்கு கியர்

பழைய ட்ரையத்லான் வண்டிகளில் முன்னால் 53/39 பல், பின்னால் 11-25 பல் என்ற கியர் அமைப்பு சாதாரணம். சமதளத்துக்கு, அதுவும் நல்ல காலுக்கு, சரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏறுகிறோம், அதைக்கூட சமாளித்துவிடலாம். வத்தல்மலை ஏற முயன்றால் தெரியும். 39 பல்லுக்குப் பின்னால் 25 போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு அருகில். 8 சதவீத ஏற்றத்தில் மொத்தம் 80 கிலோவை அந்த வேகத்தில் தூக்க 250 வாட்டுக்கு மேல் வேண்டும். முன்னால் 34, பின்னால் 32 இருந்தால் அதே 70 சுற்றில் 9 கிலோமீட்டர் சொச்சம், 180 வாட் அளவில் முடிந்துவிடும். புதிதாக ஆரம்பிக்கிறவரின் முட்டிக்கு இந்த வித்தியாசம் பெரியது.

கிராங்கையும் பின் கியர்த் தட்டையும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். செயினை நகர்த்திக் கியர் மாற்றுகிற பின் டெரெய்லர் குட்டைக் கையாக இருந்தால் 28 பல்லோடு நின்றுவிடும். வண்டி 10 ஸ்பீடா 11 ஸ்பீடா, அதாவது பின்னால் எத்தனை பல்சக்கரம் என்பதும் கேளுங்கள், 10 ஸ்பீடு ஹப்பில் 11 ஸ்பீடு தட்டு பொதுவாக ஏறாது. ஷிமானோவின் 11-34 தட்டு மட்டும் ஏறும், பழைய சக்கரத்தைத் தக்கவைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது உதவும்.

அளவு சரியில்லாத வண்டி இலவசமானாலும் வேண்டாம்

சாலை வண்டியில் சீட் கம்பத்தின் கோணம் 72-74 டிகிரி, ட்ரையத்லான் வண்டியில் 76-80. உட்காரும் இடம் முன்னால் நகர்வதால் முதுகைத் தாழ்த்தினாலும் இடுப்பு மடங்குவது குறைகிறது, இறங்கி ஓடும்போது கால் ஓடுகிற மாதிரி இருக்கிறது. இந்த நிலையில் 90 கிலோமீட்டர் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் மொத்தத் தூரத்தை மைலில் சொல்லி 70.3 என்று அழைக்கிற பந்தயத்தில் 1.9 கிலோமீட்டர் நீச்சலுக்குப் பிறகு அவ்வளவு ஓட்டிவிட்டு, அப்புறம் 21 கிலோமீட்டர் ஓடவும் வேண்டும்.

ஃப்ரேமின் மேல் எழுதியிருக்கிற 54, எம் என்பதையெல்லாம் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாய் எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்று சொல்கிற ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவையும் அந்த மாடலுக்குத் தேடி எடுத்து, உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்று ஃபிட்டிங் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, அப்புறம் தேட ஆரம்பியுங்கள். பழைய வண்டியில் இன்னொரு பொறி: முந்தைய சொந்தக்காரர் வேகத்துக்காக ஹேண்டிலைத் தாழ்த்தி, ஃபோர்க்கின் மேல்குழாயை வெட்டியிருப்பார். வெட்டியதை நீட்ட முடியாது. ஹேண்டிலுக்குக் கீழே வளையங்கள் எத்தனை இருக்கின்றன என்று படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால், அவ்வளவு தாழ்வாக உங்களால் குனிய முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போகும்போது வியர்வையின் தடத்தைத் தேடுங்கள். "ரொம்ப ஓடலை, வீட்டிலேயே ட்ரெய்னரில்தான்" என்று சொல்கிற வண்டியில்தான் அது அதிகம். ட்ரெய்னரில் வண்டி நகராது, காற்று இல்லை, நெற்றியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் முழுக்க ஹேண்டிலின் நடு போல்ட்டுகளிலும் ஹேண்டில் திரும்புகிற ஹெட்செட்டிலும் இறங்கும். போல்ட் தலை துருப்பிடித்திருந்தால் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள், உடைந்தால் அவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அடிப்பார் அலுமினியம் என்றால் நுனியில் டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், வெள்ளைப் பொடியும் குழியும் இருந்தால் அந்தப் பாரை மாற்றியே ஆக வேண்டும், ஓடும்போது முறிந்தால் பல்லும் தாடையும் போகும். கார்பன் ஃப்ரேமில் சீட் கம்பம் இறுக்குகிற இடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம், செயின் பக்கத்துக் கீழ்க்குழாய், மூன்றிலும் டார்ச் அடித்து விரிசல் பாருங்கள். நாணயத்தால் தட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் அந்த ஃப்ரேம் வேண்டாம். டெரெய்லர் மாட்டுகிற ஹேங்கர் அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தேடி, கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். வண்டியின் பில், ஃப்ரேம் எண் இரண்டையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

ஒரு லட்சம் இருந்தால் வண்டிக்கு 70-75 ஆயிரத்துக்கு மேல் போகாதீர்கள். மீதியில் புது டயர் ஒரு ஜோடி, டியூப், பிரேக் கட்டை, எல்லாக் கேபிளும் உறையும், செயின், தேவைப்பட்டால் பின் தட்டு, ஃபிட்டிங், இவ்வளவும் வர வேண்டும். கேபிளைக் கண்டிப்பாக மாற்றுங்கள். ட்ரையத்லான் ஃப்ரேமில் கேபிள் உள்ளே வளைந்து வளைந்து போகிறது, பழைய உறைக்குள் துரு ஏறியிருந்தால் லீவரில் நீங்கள் கொடுக்கிற அழுத்தத்தில் பாதி வழியிலேயே போய்விடும், ரிம் பிரேக் மோசம் என்று பலர் முடிவுகட்டுவது இந்தக் கேபிளால்தான். புதுக் கட்டை மாட்டியதும் கூட்டமில்லாத ரோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பல முறை பிடித்துவிட்டு, அப்புறம்தான் ஒகேனக்கல் பக்கம் போக வேண்டும். தொப்பூர் கணவாய்க்கு எந்த பிரேக் வைத்துக்கொண்டும் போகாதீர்கள், லாரிகளே நிற்க முடியாமல் மோதிக்கொள்கிற இறக்கம் அது.

அளவும் சரியாக, இரண்டு பக்கமும் சாதாரண காலிப்பராக, ரிம்மும் நன்றாக உள்ள ட்ரையத்லான் வண்டி ஆறு மாதம் தேடியும் சிக்காமல் போகலாம். அப்போது அவசரப்பட்டு எதையோ வாங்காமல், ஷிமானோ 105 ரிம் பிரேக் போட்ட அலுமினியச் சாலை வண்டி ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்து, அதில் மாட்டுகிற கிளிப் ஏரோபாரைச் சில ஆயிரத்துக்கு வாங்கிப் போட்டு, சீட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு அது தாராளமாகப் போதும், மலை ஏறுவதற்கும் கூட்டமாக ஓட்டுவதற்கும் அதுதான் வசதியும்கூட. பிறகு சரியான ட்ரையத்லான் ஃப்ரேம் மட்டும் தனியாக விற்பனைக்கு வரும்போது, இந்த வண்டியின் காலிப்பர், டெரெய்லர், சக்கரம் எல்லாம் அப்படியே அதில் ஏறிவிடும், புதிதாக வாங்க வேண்டியது லீவரும் ஷிஃப்டரும் அடிப்பாரும் கேபிளும்தான். பெடல் அச்சின் அளவு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், கிராங்க்கை மட்டும் பொருந்துமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.